சிவப்பு எஞ்சின் யார் பேச்சைக் கேட்கிறது?

அன்பு மகளே,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், என் வலது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது, போன தடவை போனில் தும்மிக்கொண்டே சளி இல்லை என்று சொன்னவள் நீ. விரல் விஷயம் பெரிதில்லை, உன் பொம்மை ரயிலின் நீல எஞ்சின் மூடியைத் திறக்கும்போது பிளேடு வழுக்கிவிட்டது, கட்டுப் போட்டிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். உன் அம்மாவை எழுதச் சொன்னேன், உங்க வழக்கை நீங்களே எழுதிக்குங்க என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் குற்றவாளியே எழுதுகிறாள், நான் சொல்வதில் ஒரு எழுத்து மாறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (அக்கா, நான் வாலு. அடைப்புக்குறிக்குள்ள வர்றதெல்லாம் நான். அப்பாவோட கண்ணாடி இப்போ அம்மா மூக்குல இருக்கு, அதனால தைரியமா எழுதறேன். நாள் முழுக்க கடையில ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறவர்கிட்ட ரெண்டாவது கண்ணாடி கிடையாது!)

நீ வரும்போது உன் பழைய நீல எஞ்சின் ஓட வேண்டும், டிஜிட்டலாக மாற்றி வையுங்கள் என்றாயே, அதற்காக டீகோடர் வாங்கப் போனேன். டீகோடர் என்றதும் ஏதோ டீ போடுகிற மெஷின் என்று உன் அம்மா கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தாள். நகம் அளவு பலகை அது, எஞ்சின் வயிற்றுக்குள் உட்காரும். தண்டவாளத்தில் கரண்ட் எப்போதும் இருக்கும், அதோடு நம் கட்டளையும் ஓடும், கையில் இருக்கும் கண்ட்ரோலரில் எந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அந்த எஞ்சின் மட்டும் அசையும், மற்றது சும்மா நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா, அதனால்தான் எனக்கு முதலிலேயே சந்தேகம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் விசில் ஊதுகிற டீகோடரைத்தான் எடுத்து வைத்தார், முதல் தடவைதானே சார், சத்தம் வந்தா பிள்ளைங்களுக்குப் பிடிக்கும் என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை போடுகிற சத்தமே போதும் என்று சொல்லிவிட்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு எஞ்சின் ஓடி, விளக்கு எரிந்தால் போதாதா? உன் எஞ்சினுக்குள் எட்டு ஓட்டை உள்ள சாக்கெட் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதனால் எட்டுக் கால் பிளக் உள்ளதாகக் கேட்டு வாங்கினேன், பற்றவைக்கிற வேலை மிச்சம். (ஒன்பதாவது ஓட்டை அப்பா விரல்ல.) ஒரு ஆம்பியர் தாங்கும், தாராளம் என்றார் கடைக்காரர். தாராளம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் உஷாராகிவிடுவேன், என் கடையில் நானே அதைச் சொல்கிறவன்தானே. பலகையைச் சொருகும் முன் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு மீட்டரில் பார்த்தேன், மோட்டார் திணறும்போதுகூட அரை ஆம்பியரைத் தாண்டவில்லை. அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், ஏன் சொன்னார் என்பதுதான் புரியவில்லை. ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன், ஒன்று உன் நீலத்துக்கு, இன்னொன்று நான் புதிதாக வாங்கிய சிவப்பு எஞ்சினுக்கு.

இனிமேல்தான் விஷயம். குறிப்புத் தாளில் முதலில் மூன்றைக் கூப்பிடவும் என்று போட்டிருந்தது, கூப்பிட்டேன், உன் நீலம் உன்னைப் போலவே கொஞ்சம் தயங்கிவிட்டுக் கிளம்பியது. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (வெங்காயம்னு சொல்லச் சொன்னா.) கடையில் கண்ணாடித் தட்டுகளுக்கு ஒட்டுகிற எண் சீட்டையே எடுத்து வந்து நீலத்தின் முதுகில் 3, சிவப்பின் முதுகில் 4 என்று ஒட்டினேன். தட்டில் எந்த எண் சீட்டோ அந்த எண்காரருக்குத்தான் கண்ணாடி போகும், இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் மாறியதில்லை. ஆனால் இங்கே நாலைக் கூப்பிட்டால் சிவப்பு கல்லு மாதிரி நிற்கிறது. மூன்றைக் கூப்பிட்டால் நீலமும் போகிறது, சிவப்பும் போகிறது, எதிர் எதிராகப் போய் உன் தங்கை கட்டிய குகைக்குள் முட்டிக்கொண்டு, உன் நீலத்தின் முன்கொக்கி வளைந்துவிட்டது. இது தானாக நடக்குமா, நீயே சொல். வாசல் மணியை போன் சத்தமாக மாற்றி என்னை ஒரு நாள் முழுக்க அங்கும் இங்கும் ஓடவிட்டது யார்? என் திருப்புளிகளின் கைப்பிடியை எல்லாம் மாற்றி மாட்டியது யார்? போனிலிருந்து எதையோ அனுப்புகிறாள் என்று போனை வாங்கி அலமாரியில் பூட்டினேன், அப்போதும் இரண்டும் ஓடின. இவளைப் பால்கனியில் நிறுத்தினேன், அப்போதும் ஓடின. அப்படியென்றால் முன்கூட்டியே உள்ளே எதையோ செய்து வைத்திருக்கிறாள். உன் அம்மாவும் கூட்டாக இருக்கலாம், சிரிப்பு சரியில்லை. (அக்கா, மணி நான்தான். திருப்புளி நான்தான். எஞ்சின் சத்தியமா நான் இல்ல. ரெண்டை ஒத்துக்கிட்டவ மூணாவதுக்கு மட்டும் ஏன் பொய் சொல்லணும்? இதைச் சொன்னா, அதுதான் உன் தந்திரம்ங்கறார்.) ஆகவே தண்டவாளம் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீ வரும்வரை இவள் உள்ளே கால் வைக்கக் கூடாது, அந்தக் குகையையும் ஞாயிற்றுக்கிழமை பிரித்துவிடப் போகிறேன். (பழைய பேப்பரையும் பசையையும் வெச்சு லீவு முழுக்க ஒட்டின மலைக்குகை அக்கா அது. இந்த வரியில பேனா நின்னுடுச்சு. மை இருக்கு.)

நீ விவரம் தெரிந்தவள், நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், எந்த இடத்தில் இவள் கை நுழைந்திருக்கும் என்று பார்த்து எழுது, உன் தீர்ப்புதான் முடிவு. நீலத்தில் பலகையைச் சொருகினேன், மூடியை மூடினேன், மூன்றைக் கூப்பிட்டேன், ஓடியது. அப்புறம் சிவப்பு. அதே மாதிரிப் பலகை, சொருகினேன், மூடியை மூடினேன், நாலு என்ற சீட்டை முதுகில் ஒட்டினேன், நாலைக் கூப்பிட்டேன், சீட்டை ஒட்டினேன், ஒட்டி (அக்கா, அப்பா அப்படியே நிறுத்திட்டார். கடைசியா என்ன சொன்னேன்னு கேட்டார், படிச்சேன். சீட்டு ஒட்டறதுக்கு முன்னாடி என்னன்னார், மூடியை மூடினீங்கன்னேன். நடுவுல ஒண்ணுமே இல்லையான்னார், நீங்க ஒண்ணும் சொல்லலப்பான்னேன். அம்மா சமையலறையிலேருந்து, சீட்டைப் படிக்க எஞ்சினுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டீங்களான்னு கேட்டா. அப்பா அம்மா மூக்குலேருந்து கண்ணாடியை எடுத்துக்கிட்டு அறைக்குள்ள போயிட்டார். முதல்ல தாள் புரட்டற சத்தம். அப்புறம் ஒரே ஒரு எஞ்சின் ஓடற சத்தம். வர்றார், கண்ணாடியை அம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார்.)

எழுது. எல்லாப் பலகையும் மூன்று என்ற எண்ணோடுதான் பெட்டியிலிருந்து வருகிறதாம், குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நீலத்தைத் தூக்கி வைத்துவிட்டு, சிவப்பை மட்டும் தண்டவாளத்தில் நிறுத்தி, கண்ட்ரோலரில் நாலு என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தந்துவிட்டேன், இப்போது ஒழுங்காகக் கேட்கிறது. இதை ஏன் பொடி எழுத்தில் போட்டான் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குகையைப் பிரிப்பேன் என்ற வரியை அடித்துவிடச் சொன்னேன். (அடிக்க மாட்டேன், நீ படிக்கணும்.) சாவியை மேசைமேல் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இன்னார் என்று நான் பெயர் சொல்லவில்லை. (எடுத்துட்டேன்.) குகை வாசல் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது, கட்டியவளிடம் கேட்டால் செய்து தருவாள் என்று நினைக்கிறேன். (கேட்கட்டும்.)

நீ நீண்ட ஆயுளும் நிம்மதியுமாக இரு, யார் எது சொன்னாலும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு நம்பு. நீலத்தின் கொக்கிக்கு அங்கே ஒரு ஜோடி கிடைத்தால் மறக்காமல் வாங்கி வா, இங்கே தாராளமாகக் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர், அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். இதற்கு நடுவில் உன் அம்மா எனக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள், என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். ஏதோ இருக்கிறது.

இப்படிக்கு,
கட்டைவிரலில் கட்டோடு உன்னை வாழ்த்தும்
அப்பா

(சிவப்புக்கு இனிமே சீட்டு வேண்டாம், உரிச்சு எங்கயாவது போடுன்னு என்கிட்ட கொடுத்தார். அவர் முதுகுலயே ஒட்டிட்டேன். இப்போ நாலுன்னு சத்தமா கூப்பிட்டுப் பார்த்தேன்க்கா. திரும்பிப் பார்த்தார்.)