தேவை நிரூபிக்கப்படவில்லை

குளூன்பெக், ரோஸ்காமன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கோல்மனுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் ரெனாட்டாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெர்த்தில் வெயில் தாங்கவில்லை என்றாய். இங்கே மழை விட்டுக் கொஞ்சம் வெளிச்சம் வந்தாலே ஆளாளுக்கு வாசலில் வந்து நின்று பார்க்கிறோம். சிவப்புப் பசு நல்லபடியாகக் கன்று போட்டுவிட்டது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் என் வாய் தானாக ஒன்றைச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மேல்வயலில் நீ கட்ட நினைக்கும் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் மனுவுக்குக் கவுன்சிலிலிருந்து பதில் வந்திருக்கிறது. சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, மண் எப்படி உறிஞ்சுகிறது என்று பார்த்தார்களே, அது தேறிவிட்டது. சாலையில் வரும் வண்டி தெரிய வேண்டும் என்று பக்கத்து வயல் மலக்கியின் வேலியை இறக்கச் சொன்னார்கள். தன் வேலியில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்க விடாத மனிதன், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். நீ வரைந்து அனுப்பிய கண்ணாடிச் சுவரை மட்டும் சிறிதாக்க வேண்டுமாம். "உன் பையன் வீடு கட்டுறானா, கார் ஷோரூம் வைக்கிறானா?" என்று மலக்கி கேட்கிறான்.

இதெல்லாம் சரிசெய்துவிடலாம். மாட்டிக்கொண்டிருப்பது ஒரே வரியில்: 'தேவை நிரூபிக்கப்படவில்லை.' வயல்வெளியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வீடு கட்டிவிடக் கூடாது என்பது விதி. இங்கே பிறந்தால் மட்டும் போதாதாம், இங்கேதான் வாழ வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமாம். நிலத்தில் பாடுபடுகிறவனாக இருக்கலாம், இல்லையென்றால் தனியாகச் சமாளிக்க முடியாத தாயைப் பார்த்துக்கொள்ள வருகிறவனாக இருக்கலாம். நாம் இரண்டாவதைத்தான் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு கவுன்சிலின் பிளானிங் ஆபீசிலிருந்து ஓர்லா என்ற பெண் இடத்தைப் பார்க்க வந்தாள். அங்கேதான் கெட்டது காரியம்.

நல்ல பெண். டீ வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தினேன். மறுபடியும் வேண்டாம் என்றாள், மறுபடியும் வற்புறுத்தினேன். மூன்றாம் முறை, நம் ஊர் வழக்கப்படி, வாங்கிக்கொண்டாள். வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "தனியா இருந்து சமாளிக்க முடியுதா, மிஸஸ் ஃபலன்?" என்று கேட்டாள். "எனக்கென்னம்மா கொறச்சல், ஜம்முனு இருக்கேன்!" என்றேன். முதல்முதலாக வாசல் மிதித்த பெண்ணிடம் இடுப்பு போய்விட்டது என்று யாராவது சொல்வார்களா? டீயை மூன்று முறை மறுக்கத் தெரிந்தவளுக்கு, என்னையும் மூன்று முறை கேட்கத் தெரிய வேண்டாமா? ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதை அப்படியே எழுதிக்கொண்டும் போய்விட்டாள். போதாக்குறைக்கு, அவள் கண் முன்னால் நிலக்கரி வாளியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். அன்று முழுக்க என்னால் நிமிர முடியவில்லை.

மலக்கி விழுந்து விழுந்து சிரித்தான். "அட்ராக்டா, பாதிரியார்கிட்ட ஜம்முனு இருக்கேன்னு சொல்லு, துக்கம் கேக்க வர்றவன்கிட்டயும் சொல்லு. போயும் போயும் பிளானிங்காரிகிட்டயா சொல்லுவ?" என்றான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கோல்மன்கிட்டயாவது நெசத்தச் சொன்னியா?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று அனுப்பிவிட்டேன்.

சொல்லவில்லைதான். பிப்ரவரியில் கொட்டகை வாசலில் விழுந்தேன். எழுந்திருக்க முடியாமல் ஈரத்திலேயே கிடந்தேன். மலக்கியின் நாய்தான் முதலில் வந்தது, பிறகு அவன் வந்து தூக்கினான். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் நீ போன் செய்தபோது நான் வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு, ஆட்டத்தில் நம் கவுண்டி அணி தோற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இப்போது உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டார். இனி உன் பக்கத்து உறுதிமொழிதான் பாக்கி. நீயே வந்து குடியிருப்பேன், ஏழு வருடத்துக்கு விற்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். நான் அதைக் கேட்கும்போதெல்லாம் நீ பேச்சை மாற்றுகிறாய். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, மகனே. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். மேல்வயலுக்குப் போகிறேன், அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புகிறேன். தபால் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன், ஓட்டம் என்று அதைச் சொல்ல முடிந்தால்.

ரெனாட்டாவுக்கு இந்தச் சேறும் மழையும் ஒத்துவராது என்றால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். வர விருப்பமில்லை என்றால் அதையும் எழுது. மனு திரும்பப் பெறப்படும், மலக்கியின் வேலி பிழைக்கும். எனக்கு வலிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எனக்காக என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

எனக்கு நீ வேண்டும். கவுன்சிலுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்காதே. கேட்டால் ஜம்மென்று இருக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

மூன்று முறை கேள்.

உன் அன்பு அம்மா,
அட்ராக்டா