குனிய வைத்த ஹேண்டில்பார்

இன்று காலை தோள்பிடிப்புக்கு என் வீட்டுக்காரி கற்பூரத் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உம் ஞாபகம் வந்துவிட்டது. உம்மிடம் எப்போதும் வீசிய வாடை அல்லவா? ஞாபகம் வந்தால் அழுகை வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது. நீர் போய் மூன்று மாதமாகியும் அது ஆறவில்லை.

நம் பஸ் கம்பெனியில் நீர் செக்கர், நான் ஷெட்டில் மெக்கானிக். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் ஓடுகிற பஸ்களை வழியில் மறித்து டிக்கெட் பார்ப்பதற்காக முதலாளி உமக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மலை எஸ்டேட் துரை ஒருத்தன் பந்தயத்துக்கு ஓட்டி அலுத்துப்போன வண்டி. ஹேண்டில்பார் தாழ்ந்து கிடக்கும். டாங்கின் மேல் வயிறு படக் கவிழ்ந்தால்தான் கை எட்டும். காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிற துரைக்கு அது சரி, பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்குகிற உமக்கு என்னத்துக்கு? இரண்டே வருஷத்தில் உம் இடுப்பு விட்டுப்போயிற்று. தேரோட்டத்தன்று தூக்கச் சொல்லி உம் மகள் அழுதாள். உம்மால் தூக்க முடியவில்லை. மறுநாள் ஷெட்டுக்கு வந்தீர்.

"வே, இந்த ஹேண்டிலக் கொஞ்சம் ஒசத்தித் தாரும். இல்லன்னா எம் முதுகப் பாடையிலதான் நிமித்தணும்."

முதலாளியிடம் கேட்டேன். "என்ன எழவையும் செய்யி, பஸ் ஓடுனாப் போதும்" என்றார். சிற்றாற்று மணலை வறுத்து இரும்புக் குழாயில் கெட்டித்து, இரண்டு வாயையும் அடைத்து, உலையில் பழுக்கவைத்து வளைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். உயரம் கூடியதால் கிளட்ச் ஒயர் எட்டவில்லை. நீள ஒயர் மதுரையிலிருந்து வர எட்டு நாளாயிற்று. மாட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்தீர். "நாற்காலியில இருக்க மாதிரி இருக்குவே" என்று சிரித்தீர்.

நாலே நாள்தான். குற்றாலம் ரோட்டுப் பெரிய வீட்டிலிருந்து முதலாளிக்கு ஆள் வந்தான். அந்த வாசலைச் சைக்கிளில் கடப்பவன் இறங்கி, தோள் துண்டை எடுத்துவிட்டு, உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். நீர் இறங்கியதே இல்லை. ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. நீர் தினமும் குனிந்து தன்னைக் கும்பிட்டுக்கொண்டே போவதாக, மாடியில் உட்கார்ந்திருந்த பண்ணையார் இரண்டு வருஷமாக நம்பியிருக்கிறார்! தீபாவளிக்குத் தீபாவளி உமக்கு அங்கிருந்து ஏத்தன் வாழைக்குலை வந்ததே, அது இதற்குத்தான். ஏன் எதற்கு என்று கேட்காமல் நீரும் தின்றீர், நானும் தின்றேன். அட, என்ன பிறவியப்பா! ஒரு மனுஷன் இடுப்பு வலியில் செத்துக்கொண்டிருக்கிறான். அதை மரியாதை என்று ரசித்திருக்கிறான் பாவி.

"இப்பம் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறானாம். பழசத் திரும்ப மாட்டு. இல்லன்னா அவன அனுப்பிருவேன்" என்றார் முதலாளி. ஷெட் நின்ற நிலம் பெரிய வீட்டுக்காரருடையது. முதலாளிக்கு அந்தப் பயம்.

அன்று வண்டி எண்ணெய் மாற்ற ஷெட்டில் நின்றது. சாரல் கூட்டத்தில் டிக்கெட் பார்த்துவிட்டு நீர் பஸ்ஸில் திரும்புவதற்குள், உம்மை ஒரு வார்த்தை கேட்காமல் பழையதை மாட்டிவிட்டேன். உமக்கு வேலை போய்விடக் கூடாதே என்றுதான் செய்தேன், சத்தியமாக.

நீர் வண்டியைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்த கதையைச் சொல்லிவிட்டு நான்தான் உளறினேன்: "கொஞ்சம் பொறுத்துக்கிடும்வே. கும்பிடுன்னு அவரு நெனச்சா நெனச்சிட்டுப் போறாரு."

"இம்புட்டு நாளும் நெனச்சது அவரு கிறுக்கு. தெரிஞ்ச பெறகும் நான் குனிஞ்சேன்னா, அது கும்பிடுதாம்வே."

செக்கர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்தே போனீர். அப்புறம் செங்கோட்டையில் வேறொரு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. செக்கராக இருந்த மனுஷன், அந்த இடுப்போடு, பொழுதுக்கும் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தீர். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் பஸ் ஓடிய நாளிலும் நின்றீர். ஒன்பது வருஷம். கடைசியில் மலைக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. என்னோடு பேச்சை விட்டீரா, அதுவும் இல்லை. வருஷா வருஷம் ஐந்தருவியில் ஒன்றாகத்தான் குளித்தோம். ஒரு தடவையாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாமே! உம்மேலும் எனக்குக் கோபம்தான்.

நேற்று பெரிய வீட்டுக் கார் ரிப்பேருக்கு வந்தது. பண்ணையாரே இறங்கினார். கிழடு தட்டிவிட்டது. ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"ஏலே, முன்ன மோட்டார் சைக்கிள்ல ஒருத்தன் போவாம்லா, அவன எங்க ரொம்ப வருசமாக் காணும்? நடுவுல நாலு நாள் திமிரு புடிச்சிது. மத்தபடி மரியாத தெரிஞ்ச பய."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அவரு செத்துப் போனாரு. ஆனா ஒங்கள அவரு ஒரு நாளும் கும்பிடல. ஹேண்டிலு தாழ்ந்து கெடந்துது, அம்புட்டுதான்" என்றேன். அய்யா என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் முகம் போன போக்கை நீர் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் பயம் இருந்தது, பொய் சொல்வானேன். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவர் காலடியில் போய் விழுந்தது. அவர் காரில் ஏறிப் போகிறவரை நான் அதைக் குனிந்து எடுக்கவில்லை.