பட்டியலில் பிரசவம் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தினமும் எழுந்ததும் வரும் முதல் நினைப்பு. எட்டு மாதம் ஆகிவிட்டதே, கால் வீக்கம் வடிந்ததா? நம் நாட்டுக்கும் உங்கள் நாட்டுக்கும் தபால் நின்றுவிட்டதால் இதை வேறு நாட்டில் இருக்கும் மாப்பிள்ளையின் அண்ணன் வழியாகத்தான் அனுப்புகிறேன், சேர மூன்று வாரமாவது ஆகும். உன் அம்மா போனபின் வீட்டில் பேச்சுத்துணை வானொலிதான், அதுவும் இப்போது எல்லையைப் பற்றியே பேசுகிறது.

செவ்வாய்க்கிழமை உன்னிடம் வருவதற்குப் பயண அனுமதி கேட்டு என் பழைய வெளியுறவுத் துறை அலுவலகத்துக்கே போனேன். கவுண்டரில் இருந்த பெண் எந்தக் காரணங்களுக்கு அனுமதி உண்டு என்ற விதியைத் திருப்பிக் காட்டி, "ஐயா, பட்டியல்ல பிரசவம் இல்லையே. கடும் நோய், மரணம், ரெண்டுதான். மகளுக்கு ரொம்ப முடியலைன்னு விண்ணப்பத்துல ஒரு வரி எழுதிக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்றாள். அந்தப் பட்டியலை அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் எழுதிய வரைவில் திருமணமும் பிரசவமும் இருந்தன. மேலதிகாரி, "அந்த நாட்டுக்காரனோட நமக்கு என்னய்யா நல்ல காரியம்?" என்றார். நான் மறுபேச்சில்லாமல் ஸ்கேல் வைத்து இரண்டையும் அடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயம். இடையில் இரு நாட்டு உறவு சீரான இரண்டு வருடத்தில் உன் கல்யாணம் நடந்தது, அடித்ததையே மறந்துவிட்டேன்.

அன்று மாலை, கூட வேலை பார்த்த தட்டச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். "முப்பது வருஷம் நட்புறவை விரும்புறோம்னு எழுதினவன், இந்த ஒரு வரிப் பொய்க்கா தயங்குறே?" என்று சிரித்தார். உனக்கு முடியவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேனம்மா, உன் பெயரைத் தாண்டிக் கை நகரவில்லை. சரியா தப்பா தெரியவில்லை. அதற்குப் பதிலாகத் துறைக்கு ஒரு மனு எழுதினேன், பிரசவத்தைப் பட்டியலில் திரும்பச் சேர்க்கச் சொல்லி, அடித்தவன் நானே என்றும் சொல்லி. மூன்று பிரதி. இத்தனை வருடத்தில் யாரும் சொல்லாமல் நானாக எழுதிய முதல் காகிதம். குழந்தை பிறப்பதற்குள் பதில் வராது என்பதும் தெரியும்.

தனியாகப் படி இறங்காதே. சுகமாகப் பெற்றெடுத்து நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, எனக்கு அனுமதி கிடைக்கட்டும் என்று விளையாட்டுக்குக்கூட உனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிடாதே. நான் வராமலே இருந்தாலும் பரவாயில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா