கேடயக்காரிக்குப் பின்னால்

மதிப்புக்குரிய கேடயக்காரிக்கு,

உன் புருஷனின் வணக்கம். முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரை போடுகிறார்களா? நான் நலம். கால்தான் இந்த வெளியூர் அறைக்குள் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

நேற்று கிடங்கில் ஒரு கூத்து. அடுக்கிலிருந்து பெட்டிகள் சரிந்தன. எல்லோரும் ஓடினார்கள். நானோ நம் ஆன்லைன் விளையாட்டில் வைத்தியனாக வந்து, டிராகன் பாயும்போது செய்வதுபோல ஓரடி பின்வாங்கி, நீ கேடயத்தோடு முன்னால் வருவாய் என்று நின்றுவிட்டேன். தோளில் லேசான வீக்கம், அவ்வளவுதான்.

"ஏன்யா மரம் மாதிரி நின்ன?" என்றார் மேற்பார்வையாளர். பழக்கதோஷம் என்று விளக்கினேன்.

"புதுசு புதுசா எவ்வளவோ வந்தாச்சு, இன்னுமா அந்தப் பழைய விளையாட்டு? சலிக்கலையா?"

"அதுலதான சார் என் பொண்டாட்டி இருக்கா."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீக்கத்துக்குத் தடவும் அந்தத் தைலத்தை அனுப்பு, பெரிய பாட்டிலாக. இன்னொன்று: அடுப்பைப் பார்க்க எழுந்து போகும்போது விளையாட்டை அணைத்துவிடாதே. உன் கேடயக்காரியை விளையாட்டில் வரும் அந்தப் பாலத்தடியில் நிறுத்திவிட்டுப் போ. சண்டை வேண்டாம், பேச்சும் வேண்டாம். நீ திரும்பி வரும்வரை நான் அவள் பின்னால் நின்றுகொள்கிறேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் வைத்தியன்