என் ஸ்டாண்டும் மேனேஜரின் அறையும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுறது. இங்க நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லா இருக்கீங்கன்னு நம்புறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப சுவத்துல இருக்கிற ஒட்டடையெல்லாம் தெரியுதாம், என்னை உண்டு இல்லைன்னு பண்றார். தம்பிக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைச்சிடுச்சு, அவன் வண்டியில ஏற எனக்குத்தான் இன்னும் தைரியம் வரலை.

என் முதுகைப் பத்தி ஏன் எழுதவே இல்லைன்னு கோபிச்சுக்கிட்டியாம். எழுதக் கூடாதுன்னு இல்லை, முடிச்சுட்டு எழுதலாம்னு இருந்தேன். நீ அனுப்பின ஸ்டாண்டைத் தம்பிதான் தூக்கிட்டு வந்து ஆபீஸ்ல என் மேஜை மேல வச்சுக் கொடுத்தான். ரெண்டு பக்கப் பிடியையும் சேர்த்து அமுக்கினா கம்ப்யூட்டரோட மேல வருது, நின்னுக்கிட்டே வேலை பார்க்கலாம், கால் அசந்தா இறக்கிட்டு உட்காரலாம். டாக்டர் சொன்ன மாதிரியே மாத்தி மாத்தி செஞ்சேன், முதுகுல கத்தி சொருகின மாதிரி இருந்த வலி நல்லாவே அடங்கிடுச்சு. அதுக்குள்ள எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டேன். திரும்பிப் போனா மேஜை மொட்டையா இருக்கு. எங்க மேனேஜரை உனக்குத் தெரியுமே, சட்டையில ஒரு மடிப்பு கலையாதுன்னு நாங்க இஸ்திரின்னு பேர் வச்ச ஆள், அவர்கிட்ட போய்க் கேட்டேன். எல்லா மேஜையும் ஒரே மாதிரி இருக்கணும், உங்க சாமான் ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு, உடம்பு முடியலைன்னா பேசாம வேலையை விட்டுட்டு வீட்ல படுங்களேம்மான்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அடுத்த வாரம் ஒரு ஃபைலை எடுத்துக்கிட்டு அவர் ரூமுக்குப் போறேன், என் ஸ்டாண்டு அவர் மேஜை மேல இருக்கு, அவர் அதுக்கு முன்னாடி ஜம்முனு நிக்கிறார். சும்மா சோதிச்சுப் பார்க்கிறேன்மான்னு கூச்சமே இல்லாம சொன்னார். ஃபைலை வச்சுட்டு வந்துட்டேன். தினமும் வீட்டுக்கு வந்து குப்புறப் படுப்பேன், அப்பா தைலம் தேய்ப்பார், நான் தலகாணியைக் கடிச்சுக்கிட்டு, இருடா உனக்கு இருக்குன்னு நினைச்சுப்பேன்.

நான் உயர்த்தி வச்சிருந்த ஸ்டாண்டை அப்படியே எடுத்துக்கிட்டவர், ஒரு நாள்கூட அதை இறக்கினதில்லைன்னு கவனிச்சு வச்சிருந்தேன். ரெண்டு பிடியையும் ஒண்ணா அமுக்கணும்னு அவருக்குத் தெரியாது, நானும் சொல்லலை. தலைமை ஆபீஸ்லேருந்து பெரிய மேடம் சுத்திப் பார்க்க வந்தாங்க. இஸ்திரி என்னையும் ஒரு ஃபைலோட பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, ஊழியர்கள் உடல்நலத்துக்காக நானே புதுசா யோசிச்சு வாங்கினது மேடம்னு அளந்து விட்டார். எங்க, இறக்கிக் காட்டுங்கன்னு அவங்க கேட்டுட்டாங்க. ஒரு பிடியைப் பிடிச்சு அமுக்குறார், அசையலை. கைக்கு வந்தபடி உலுக்கினார், மேல இருந்த காபி அப்படியே சட்டையில கவிழ்ந்துது. பல்லைக் காட்டிக்கிட்டு, நீங்க கொஞ்சம் செஞ்சு காட்டுங்கம்மான்னார். எனக்கெப்படி சார் தெரியும், என்னோடது ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்குன்னுதானே சொன்னீங்கன்னேன். மேடம் அவரையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க, இது யாரோடதுன்னு கேட்டாங்க. என் முதுகுக்காக என் பொண்ணு அனுப்பினதுன்னு சொல்லி, ரெண்டு பிடியையும் சேர்த்து அமுக்கினேன். சாதுவா இறங்கி உட்கார்ந்துது. இப்பவே இவங்க மேஜைக்குப் போகட்டும்னு உத்தரவு. ப்யூன் தூக்க வந்தார். நான்தான் தடுத்தேன், எடுத்தவரே கொண்டு வந்து வைக்கட்டும்னேன். ஹால்ல அத்தனை பேரும் எழுந்து நின்னு வேடிக்கை பார்க்க, காபிக் கறையோட சுமந்துக்கிட்டு வந்தார். நடக்கும்போதே அவர் முதுகு வளைஞ்சுது. நான் ஆசை தீரப் பார்த்தேன்.

போதும், மனுஷன் அவமானப்பட்டுட்டார், விட்டுடுன்னு அப்பா தினமும் ஓதுறார். நீயும் அதையே எழுதப் போறே, வேண்டாம். வலியில புரண்டது நான். இப்ப அவர் ரூம்ல இருக்கிற வரைக்கும் நான் உட்காரவே மாட்டேன், கால் கடுத்தாலும் சரி. நின்னா அவர் ரூம் கண்ணாடித் தடுப்பு வழியா உள்ளே நேரா தெரியுது, அவர் தலை நிமிர்ந்தா என் முகம்தான். முதல்ல நாற்காலியைத் திருப்பிப் போட்டார், நான் பிடரியைப் பார்த்துக்கிட்டே டைப் அடிச்சேன். இப்ப கண்ணாடியில கீழேருந்து முக்கால்வாசி உயரத்துக்குக் காகிதம் ஒட்டியிருக்கார்.

நீ குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளியே போ, மாப்பிள்ளைகிட்ட சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முறைச்சுக்காதே, பொறுத்துப் போகப் பழகு. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நீண்ட காலம் நல்லா வாழணும். மறந்துடாதே, நின்னு வேலை பார்க்கிறவங்க காலுக்குக் கீழே போட்டுக்கிற மெத்து விரிப்பு ஒண்ணு இருக்காமே, அதை ஒண்ணு வாங்கி அனுப்பு. இருக்கிறதுலேயே தடிமனா பாரு. காலுக்காக இல்லை, அந்தக் காகிதத்துக்கு மேல என் கண்ணு எட்டணும்.

உன் முதுகு நிமிர்ந்த
அம்மா