கணுக்கால் வரை ஒரு பாலே பாவாடை

பிப்ரவரி 8, சனி.

இன்று என் வாய்க்குப் பூட்டு போட்டிருக்க வேண்டும். பள்ளி விழாவில் பாலே என்கிற மேல்நாட்டு நடனம் ஆட மகள் ஜெனிக்கு வெள்ளை வலைத்துணிப் பாவாடை கேட்டிருந்தார்கள். என் மனைவி ஸ்டெல்லா சர்ச்சில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு நீளக் கவுன் தைத்தே பழகியவள். கை போன போக்கில் கணுக்கால் வரை இறக்கிவிட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கோ இடுப்பில் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடை.

ஜெனி அதை உடுத்தி வாசலுக்கு வந்தாள். ராயபுரத்தின் ஆஸ்தானக் கோமாளி சும்மா இருப்பேனா?

"இன்னாடா இது, கொசுவலைக்குக் கை கால் மொளச்சிக்கீது!"

எதிரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குழாயடியே சிரித்தது. பிள்ளை அழுதுகொண்டே கழற்றிப் போட்டாள். மேடை ஏறவே இல்லை.

"துணிய வுட்டுட்டு உன் வாயத் தச்சிருக்கணும்யா," என்றாள் ஸ்டெல்லா.

சாயங்காலம் போனில் தேடினேன். ஆரம்பத்தில் பாலேக்காரிகள் கெண்டைக்கால் மறையும் நீளப் பாவாடைதான் கட்டினார்களாம். கால் வித்தை தெரியட்டும் என்று பிற்பாடுதான் கத்தரித்தார்களாம். ஓடிப்போய் ஜெனியிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"காலைலயே இதச் சொல்லிருக்கலாம்ல நைனா?"

பாவாடை இன்னும் நாற்காலியில் கிடக்கிறது. ஸ்டெல்லா மடித்து வைக்கவில்லை. தொட எனக்கும் கை வரவில்லை.