பூஜையில் வைத்த கடப்பாறை

மாப்ள, இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். உன் காரியத்தன்றைக்கே, பந்தலில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். இந்த ஷட்டர் ஒரு நாள் மக்கர் பண்ணும், என் தங்கச்சி விஜயா எனக்குத்தான் போன் போடுவாள், நான்தான் உங்கள் சாரம் பகுதிக்கு ஓடிவர வேண்டியிருக்கும் என்றேன். அப்படியே நடந்துவிட்டது. உன் அம்பாசிடரை விலைக்குப் பார்க்க மதியம் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வருகிறார். சாவி திரும்புகிறது, பூட்டும் விடுகிறது. ஷட்டர் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

எனக்குத் தெரியாத ஷட்டரா? இரண்டு பக்கச் சட்டத்திலும் மண்ணெண்ணெய் விட்டேன். கட்டையால் தட்டித் தட்டித் துருவை உதிர்த்தேன். கடல் காற்று நன்றாகத் தின்று வைத்திருக்கிறது. கடைசியில் முட்டி போட்டு, கீழ்ப்பட்டையில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். ஈரத் தகரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காதை வைத்துக் கேட்டேன்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஷட்டர் வேலை செய்கிறவன் வருகிறானாம். அவன் வரும்வரை உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

மில்லில் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். உன்னைப் பார்த்த மாத்திரத்தில் இவன்தான் என் தங்கச்சிக்கு என்று முடிவு கட்டியவன் நான். மில் மூடியபோது எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார, நீ வந்த பணத்தில் பழைய அம்பாசிடர் வாங்கி வாடகைக்கு ஓட்டினாய். அதற்கு வீட்டோடு ஒட்டி ஒரு கொட்டகை, மேலே சிமெண்ட் தகடு, ஜன்னலோ வேறு கதவோ கிடையாது, முன்னால் ஷட்டர். நாங்களெல்லாம் ஷெட் என்போம். நீ மட்டும் கராஜ் என்பாய். பிரெஞ்சுக்காரர் வீட்டில் டிரைவராக இருந்த உன் அப்பா சொன்ன சொல். நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான், ஆனால் ஜன்னல் இல்லாத அறை ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன். திருஷ்டிப் பூசணிக்காயை ஷட்டர் பெட்டியின் கொக்கியில் கட்டாதே, சுவரில் ஆணி அடித்துக் கட்டு என்றும் சொன்னேன். நீ சிரித்தாய்.

அந்த ஆயுத பூஜைக்கு மழை பிடித்துக்கொண்டது. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டாய். ஜாக்கி, லீவர், ஸ்பேனர், சுத்தி என்று இருந்த சாமான் எல்லாவற்றையும் காருக்கு முன்னால் வாழையிலையில் பரப்பினாய். புதுப் பூசணிக்காயை உள்பக்கம், ஷட்டர் பெட்டிக்குக் கீழே, நைலான் கயிற்றில் தொங்கவிட்டாய். காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போனது. ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்கிறேன் என்று இழுத்தாய். அது பாதியில் நிற்கவில்லை. பூசணிக்காய்க் கயிறு சுருளுக்குள் மாட்டிக்கொள்ள, ஒரே சத்தத்தில் தரை வரைக்கும் வந்து உட்கார்ந்தது. நீ உள்ளே. நான் வெளியே, கையில் பொரித் தட்டோடு.

"மச்சான், ஷட்டர் எறங்கிடுச்சி" என்றாய். குரலில் சிரிப்புகூட இருந்தது.

"நான் இருக்கேன்ல, பதறாத."

"நீ இருக்கறதுனாலதான் பதறுது. போயி தனசேகரக் கூட்டியா."

எதிர் வெல்டிங் பட்டறைக்காரன் தனசேகர். அவனைக் கூப்பிடுவதற்குள் நானே தூக்கிவிடலாம் என்று பார்த்தேன். யானை கனம் கனத்தது. அதற்குள் நீ இருமத் தொடங்கிவிட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே தூபக்காலில் நெருப்பு, அதில் விஜயா கை நிறையப் போட்ட சாம்பிராணி. உனக்கோ இழுப்பு. ஊதுபத்தி கொளுத்தினாலே வாசலுக்கு வந்து நிற்கிற ஆள் நீ. நெருப்பில் செம்புத் தண்ணீரை ஊற்று என்று கத்தினேன். ஊற்றினாய். அதில் இன்னும் புகை கிளம்பியது. காரை ஸ்டார்ட் பண்ணி ஷட்டரை முட்டிவிடலாமா என்று கேட்டேன். சைலன்சர் புகையும் சேரணுமா என்று கேட்டாய், மூச்சு விட்டு விட்டு. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது, "விஜயா, ஸ்ப்ரே" என்ற இரண்டு சொல்தான்.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். நான் தெருவில் ஓடினேன். சாரமே திரண்டுவிட்டது, குடைகள் மார்க்கெட் வரைக்கும் நின்றன. ஆனால் ஒருவர் கையிலும் ஒரு இரும்பு இல்லை. அன்றைக்கு எந்த வீட்டில் இருக்கும்? கத்தரிக்கோல் முதல் அரிவாள்மணை வரைக்கும் எல்லாம் சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. என் வீட்டு ஸ்குரூடிரைவரும் பூஜையில்தான். உன் சாமான்களோ உன்னோடு உள்ளேயே.

தனசேகர் பட்டறை வாசலில் கடப்பாறை தெரிந்தது. சுவரில் சாய்த்து, சந்தனம் பூசி, பூச்சரம் சுற்றியிருந்தான். அதைக் கொடு என்றேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"அண்ணே, பூஜையில உக்காந்திருக்கு. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் தொடணும். இன்னிக்கி எடுத்தா வருசம் பூரா கை ஓடாது."

கெட்டவன் இல்லை, அவனும் தவித்தான். மரக்கட்டை ஏதாவது கிடைக்குமா என்று பின்னால் ஓடினான். நான் அந்தக் கடப்பாறைக்கு எதிரிலேயே நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். கை போகவில்லை, மாப்ள. அறிவு கெட்ட பயம். நான் திரும்பி ஓடிவந்து ஷட்டர் அடியில் படுத்து, தகரத்தில் காதை வைத்தேன்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "மச்சான் வெளிய நிக்கிறான், எனக்கு ஒண்ணும் ஆவாது."

விஜயா ஸ்ப்ரேயோடு வந்தாள். அதை நுழைக்கச் சந்து இல்லை. அவள் உன்னைக் கூப்பிட்டாள், பதில் வரவில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். தெருவைக் கடந்தாள், பட்டறைக் கோலத்தை மிதித்தபடியே போனாள், பூச்சரத்தோடு கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எடுத்தவள் அவள்தான், அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. பின்னாலேயே ஓடிவந்த தனசேகரிடம், "சாமிகிட்ட அப்புறம் நான் பேசிக்கிறேன், நீ நெம்பு" என்றாள்.

அவன் வாங்கிக் கீழே கொடுத்து நெம்பினான். ஷட்டர் ஒரு சாண் எழுந்தது. புகை எங்கள் முகத்தில் அடித்தது. விஜயா மழைச் சேற்றில் குப்புறப் படுத்து, ஸ்ப்ரேயைப் பிடித்த கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டாள். யாரும் வாங்கவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை. அப்படியே நீட்டியபடி இருந்தாள். நாங்கள் சந்தில் கையைக் கொடுத்து இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து, பூசணிக்காய் கீழே விழுந்து சிதற, ஷட்டர் மேலே போயிற்று.

நீ முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உதடு நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு உன் வண்டியிலேயே, மாலையோடு, நான்தான் ஓட்டினேன். ஆயுத பூஜையன்றைக்கு வண்டி எடுக்கக்கூடாது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

நீ பிழைத்து வந்தாய். அதற்கப்புறம் எந்தக் கல்யாணப் பந்தியிலும், எந்த வளைகாப்பிலும் இந்தக் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஷட்டர் கொஞ்சம் கனம் கூடியது, கூட்டம் கொஞ்சம் கூடியது. நீ சொன்ன வார்த்தைக்கு வந்ததும் கேட்பவர்கள் உன் பக்கம் திரும்புவார்கள். நிஜமாவா என்பார்கள். நீ பாயசத்தைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவாய்.

போன மழைக்கு இழுப்பு உன்னை விடவில்லை. அந்தத் தடவை எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. வார்டு வாசல் திறந்தேதான் கிடந்தது, நான் உன் காலடியிலேயே நின்றேன். நின்று என்ன?

சற்று முன்னால் உன் மகள் கவிதா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு இந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். கல்லூரி போகிற பெண், இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. மூடிய ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"மாமா, அப்பா நெஜமாவே அப்படிச் சொன்னாரா? பயமில்லாமதான் இருந்தாரா உள்ள?"

ஆமாம்மா, என் காதால் கேட்டேன் என்றேன். பழக்கதோஷத்தில் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளிடம் நான் இதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

உன்னிடம் சொல்லலாம். தகரத்தில் காதை வைத்து நான் படுத்திருந்தபோது, மேலே மழை விழுந்த சத்தம் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. அந்த நேரம் இன்றைக்கும் என் காதில் அப்படியே இருக்கிறது, யாரிடமும் அதை அப்படியே சொல்ல வாய் வந்ததில்லை. அதனால் அந்த இடத்தில் ஒரு பேச்சை வைத்தேன். நீ அதைச் சொல்லவில்லை, மாப்ள. நான் வைத்தது.